அணைத்த ரேடியோவில் கேட்ட சத்தம்

அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு தையற்காரரின் கடையில் பாதி. நடுவில் பலகைத் தடுப்பு. எந்த செட்டானாலும் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியது பெரும்பாலும் நான்தான்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்தது. மூக்குத் துளை இரண்டும் அடைத்துக்கொண்டன. ரேடியோ பார்க்க மூக்கு எதற்கு என்று கடையைத் திறந்தேன். அன்றைக்குத்தான் பக்கத்துத் தேக்கா வட்டாரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். குமிழைத் திருகினால் முள் நகரவில்லை. உள்ளே முள்ளை இழுக்கிற நூல் அறுந்திருந்தது. கால் மணி நேர வேலை.

நூலைக் கட்டிவிட்டு செட்டைப் போட்டுக் கேட்டேன். செய்தி வாசிக்கிறவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. நடுவே ‘டப்’ என்று ஒரு சத்தம். பிறகு யாரோ காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சரசரப்பு.

“பாய், உள்ள இன்னொரு கோளாறு இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றேன்.

அன்று மாலை ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். நான் தேநீர் குடிக்கிற ஒவ்வொரு முறையும் ‘டப்’ வந்தது. கோப்பையை வைக்கும்போது மேசை அதிர்கிறது, அந்த அதிர்வில் எங்கோ விட்டுப்போன ஈயப் பற்று அசைகிறது என்று முடிவு கட்டினேன். எல்லாப் பற்றையும் உருக்கி மறுபடி வைத்தேன். கோப்பையை முக்காலிக்கு மாற்றினேன். டப். கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றபடி குடித்தேன். டப். நடைபாதைக்குப் போய் நின்று குடித்தேன். அங்கேயும் கேட்டது. இவ்வளவு தூரம் கேட்கிறதென்றால் பெரிய கோளாறுதான் என்று கவலைப்பட்டேன்.

இரண்டு நாளில் மூன்று வால்வு மாற்றினேன். மூன்றாம் நாள் செட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதும் அது ‘டப்’ என்றது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். டப். எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்துவிட்டது.

பாய் வந்தார். “பாய், உங்க ரேடியோ கரண்ட் இல்லாமலே சத்தம் போடுது” என்றேன், குரலைத் தாழ்த்தி.

அவர் பெட்டிமேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். “எனக்கு ஒண்ணும் கேக்கலயே, தம்பி.”

“இப்பக்கூட போட்டுச்சு. கேக்கலயா?”

“இல்லயே.”

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறுபது வயதிருக்கும். “தப்பா நெனைக்காதீங்க பாய். உங்களுக்குக் காது மந்தமாயிருச்சு” என்றேன். அவர் முகம் வாடிப்போனது. “வீட்லயும் சொல்றாங்க லா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறேன்னு” என்று முனகினார். தனியாகப் போகத் தயங்கினார். நானே அவரை அடுத்த தெருவிலிருந்த கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் தமிழர். அணைத்த ரேடியோ போடுகிற ‘டப்’ பாய்க்குக் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். பாயின் காதுகளை விளக்கடித்துப் பார்த்தார். பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தார். பாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், வீட்டில் குறை சொல்வதையும் சேர்த்து.

“இவருக்கு ஒண்ணும் இல்ல. இயர் ரொம்ப நல்லா இருக்கு. வீட்ல கூப்பிட்டா இவரு வேணும்னேதான் திரும்பல” என்றார் டாக்டர். பாய் தரையைப் பார்த்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். “எத்தனை நாளா இந்தச் சளி?”

“அஞ்சு நாளா. அது கெடக்கட்டும் டாக்டர், அந்த ரேடியோ...”

“எச்சில் முழுங்குங்க.”

விழுங்கினேன். டப்.

நான் திடுக்கிட்டதைப் பார்த்து, “ரேடியோ இங்க இருக்கா?” என்று கேட்டார் டாக்டர்.

அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். காதுக்குள்ளிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, காதுக்குள் காற்றைச் சரிசெய்கிறது. சளி பிடித்தால் குழாய் வீங்கி ஒட்டிக்கொள்ளும். அது பிரிகிற சத்தம்தான் ‘டப்’. உள்ளே சளி நகர்ந்தால் சரசரப்பு. சளி போனால் சரியாகிவிடும், மூக்கை மட்டும் பலமாகச் சிந்தக் கூடாது என்றார்.

கடைக்குத் திரும்பியதும் பாய் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, “தம்பி, இதெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் என்னப் பத்திச் சொன்னத நீங்களும் எங்க வீட்ல சொல்லிறாதீங்க” என்றார். ஒப்புக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, மத்தியானம் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். காது படாரென்று திறந்துகொண்டது. உடனே தலைக்கு மேல் பன்றி கத்துவது போல ஒரு கிறீச்சிடல். பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். என் மின்விசிறி.

தடுப்புக்கு மேலாகத் தையற்காரர் தலையை நீட்டினார். “ஒரு வாரமா கத்துது, அண்ணே. தெனமும் சொன்னேன். நீங்க தலைய தலைய ஆட்டினீங்க.”

எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.