பாய் தைத்தவர் தைத்த திரை

எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. துறைமுகத்துப் பட்டறையில் தச்சு வேலை. அப்படிப்பட்ட என்னிடம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குக் குருவான சுவாமி வந்து, "அரை வட்டமா வளைஞ்ச ஒரு திரை வேணும். அதிலே மூண்டு மெசினாலே ஒரே படமாக் காட்டவேணும். நீர் செய்வீரோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். பயம் பிறகுதான் வந்தது.

பிள்ளைகளே, உங்களில் மூத்தவளே அப்போது கைக்குழந்தை. ஆகையால் எழுதி வைக்கிறேன்.

சுவாமியிடம் நல்ல கமரா ஒன்று இருந்தது. ஒரு காலையில் அவர் கரையில் ஒரே இடத்தில் நின்று, இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று மூன்று கலர்ப் பிலிம் படங்கள் எடுத்திருந்தார். அவற்றைப் பக்கம் பக்கமாய்ச் சேர்த்தால் முழுத் துறைமுகமும் வரும். மரித்தோரை நினைக்கிற கார்த்திகை மாதத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக மண்டபத்தில் செபம் வைத்து, அப்போது அதைக் காட்ட நினைத்தார். சனம் கரையில் நிற்பது போலவே உணர வேண்டும் என்பது அவர் ஆசை.

நடுப் படத்தில் ஒரு பாய்வள்ளம் இருந்தது. எங்கள் பங்கில் வள்ளங்களுக்குப் பாய் தைத்துக் கொடுக்கிற அண்ணை ஒருவருடைய ஒரே மகனின் வள்ளம் அது. படம் எடுத்த வருசமே, மாரியில், அந்த வள்ளத்தோடு போனவன் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. தாய் சுவாமியிடம் போய் அந்தச் சின்னப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குப் பிடிபடவில்லை. "பெரிசாக் காட்டேக்க என்னைக் கூப்பிடுங்கோ சுவாமி. அவன்ர வள்ளத்தை ஒருக்காப் பாத்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

புரொஜெக்டர் மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தன. ஒன்று கோயிலுடையது, ஒன்று பள்ளிக்கூடத்தினுடையது. மற்றது டவுனில் இருந்த புரட்டஸ்தாந்துப் போதகருடையது. "எங்கட மெசின் உங்கட செபத்துக்கு எரியுமோ தெரியாது" என்று பகிடி விட்டுத்தான் தந்தார்.

முதலில் மண்டபத்துச் சுவரில் காட்டிப் பார்த்தோம். நடுப்படம் தெளிவு. பக்கப் படங்கள் சரிந்து மங்கின, ஏனென்றால் சுவரின் ஓரங்கள் மெசினுக்குத் தூரம். இரண்டு படம் சேருகிற இடத்தில் வெளிச்சம் இரட்டித்து வெள்ளைப் பட்டை விழுந்தது. லென்சுக்கு முன்னால் காட்போட் மட்டை ஒன்றை மெல்ல நகர்த்தினால் அந்த ஓரம் மட்டும் மங்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாள் போனது. உங்கள் அம்மா சொன்னார்: "எங்கட குசினிக் கதவு சாத்த ஏலாமல் ஒரு வருசமாக் கிடக்கு. இவர் துறைமுகத்தை வளைக்கிறார்."

திரையின் எல்லா இடமும் மெசினுக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நிலத்தில் ஆணி ஒன்று அடித்து, பதினைந்தடிக் கயிறு கட்டி, மறு நுனியில் சோக்குக் கட்டியைப் பிடித்து வளைவு கீறினேன். அந்தக் கோட்டில் கம்புகளை நாட்டி, மேலும் கீழும் கமுகஞ் சலாகையை வளைத்துக் கட்டினேன். ஆணி இருந்த இடத்தில் உயர்ந்த மேசை, அதன்மேல் மெசின்கள்.

துணி தைக்க அந்த அண்ணையைத்தான் கேட்டேன். அளவு எழுதிக் கொடுத்தேன்.

"வேறேதும் சொல்ல இருக்கோ தம்பி?"

"நாப்பது வருசம் தைச்ச உங்களுக்கு நானோ அண்ணை சொல்லுறது?"

மரியாதைக்குத்தான் சொன்னேன். அது என் பிழை.

செபம் சனிக்கிழமை. வியாழன் பின்னேரம் துணியைக் கட்டி, யன்னல்களைச் சாக்கால் மூடி, மூன்று மெசினையும் போட்டோம். சுவாமியும் அண்ணையும் நானும் நிலத்தில் இருந்து பார்த்தோம். துறைமுகம் எங்களைச் சுற்றி வந்து நின்றது. ஆனால் கடற்கோடு நடுவில் பள்ளமாய்த் தொங்கியது. அந்தப் பள்ளத்துக்குள் வள்ளம், தாழப்போவது போல.

தட்டையான பாயில் காற்று நிற்காது. ஆகவே பாய் தைக்கிறவர்கள் துண்டுகளின் விளிம்பைச் சற்று வளைத்து வெட்டி, நடுவில் வயிறு விழும்படி தைப்பார்கள். எங்கள் திரையும் அப்படியே பின்னுக்கு வயிறு தள்ளி நின்றது. மெசின் உயரத்தில் நின்று பார்த்தால் கோடு நேராகத் தெரிந்தது. சனம் இருக்கப்போகிற நிலத்திலிருந்து பார்த்தால் பள்ளம்.

அண்ணை எழும்பிப் போய்த் துணியின் தையலை விரலால் தடவினார். பிறகு, "நூரும் தம்பி" என்றார். மெசின்களை நூர்த்தேன், மண்டபம் இருண்டது.

"என்ர கை தானா வயிறு போட்டிட்டுது."

"பிழை என்ர அண்ணை. நான் சொல்லாமல் விட்டிட்டன்."

"சொல்லியிருந்தாலும் போட்டிருக்கும். அவன்ர பாயும் இப்பிடித்தான் தைச்சனான்."

சுவாமி மெதுவாய், "படத்தை விடுவம். செபம் மட்டும் வைப்பம்" என்றார்.

"வேண்டாம் சுவாமி. என்ர மனுசி இதை இப்பிடிப் பாக்கக் கூடாது. பாக்காமல் விடவும் கூடாது."

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் லீவு போட்டேன். அவர் நடுத்துண்டுகளின் தையலைப் பிரித்தார். நான் நூல் பிடித்து நேர்கோடு கீறிக் கொடுத்தேன், அதன்மேல் தைத்தார். அப்போதும் ஊசி கோட்டை விட்டு வளைந்து போகும். நிறுத்தி, இழுத்து, திரும்பவும் தைப்பார். ஒருமுறை, "நாப்பது வருசத்துக்குப் பிறகு எனக்குக் கோடு போட்டுத்தர ஒருத்தன் வந்திட்டான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை மாலை மழை. ஆனாலும் மண்டபம் நிறைந்தது. அண்ணையும் மனைவியும் முன்வரிசையில் இருந்தார்கள். மெசின்களைப் போட்டேன். கடற்கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நேராக நின்றது. அதன்மேல் வள்ளம்.

அந்தத் தாய் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். போகப் போக அவருடைய நிழல் வள்ளத்தின்மேல் விழுந்து அதை மறைத்தது.

"எங்க போச்சுது?" என்று திகைத்துப்போய்க் கேட்டார்.

"உன்ர நிழல்தானப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார் அண்ணை, இருந்த இடத்திலிருந்தே.

தள்ளி நின்றார். வள்ளம் திரும்ப வந்தது. துணியை அவர் தொடவில்லை. சுவாமி செபத்தைத் தொடங்கினார். அது முடிந்து பாட்டும் முடிந்தது. தாய் அப்படியே நின்றார்.

மெசினைக் கனநேரம் எரியவிட்டால் பிலிம் சூட்டில் வளைந்துபோகும். சுவாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய படம் அது, வேறு பிரதி இல்லை. நானும் அவரைப் பார்த்தேன். எரியட்டும் என்பதுபோல அவர் தலை குனிந்துகொண்டார்.

தாய் திரும்பி நடந்து வந்தார். "வள்ளம் நேராத்தான் நிக்குது" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகுதான் நான் மெசின்களை நூர்த்தேன்.