ஐரீனின் ஐம்பது கோதுகள்

அந்த ஐம்பது துப்பாக்கி ரவைக் கோதுகளையும் கழுவியது நான்தான். கழுவியதோடு நின்றிருந்தால், தெரியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். கழுவியதை மறைக்க அவற்றுக்குக் கரி பிடித்து வைத்தேன். அந்தக் கரியை ஒரு மனிதர் மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடியபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்... வாய் திறக்கவில்லை.

என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது போலும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் தனியாக இருந்தேன். மேலே வீட்டுக்காரர் வால்டர். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். என் கணவர் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். கலியாணம் முடித்து நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது பதினொரு கிழமை. ஏஜென்சிக்காரன் முதலில் என்னை ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் இவரையும் அனுப்புவதாகச் சொன்னான். அந்த அடுத்த மாதம் மூன்றாவது வருடமாகியும் வரவில்லை.

வரும்போது அவர் போட்டுக் கழற்றிய சேட்டு ஒன்றைத் தோய்க்காமல் ஒரு ஷொப்பிங் பைக்குள் கட்டி எடுத்து வந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முடிச்சை அவிழ்த்து முகத்தைப் புதைப்பேன். மற்ற நாட்களில் தொடமாட்டேன், மணம் போய்விடும் என்ற பயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றத்தின் பாதி இதில்தான் இருக்கிறது.

வால்டர் இலக்குப் பார்த்துச் சுடுகிறவர். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கடதாசியைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் சுட்டதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, திரும்பவும் வெடிமருந்து நிரப்பி, முனையில் புதுச் சன்னம் பொருத்துவார். எல்லாம் கராஜில் ஒரு நீள மேசையில். நானோ வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவள். ஊரில் ஒழுங்கையில் ஒரு கோது கிடந்தால் காலில் படாமல் விலகிப் போனவள். ஆகவே அந்தக் கராஜ் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கோது மினுக்கும் அவருடைய சுழல் இயந்திரம் பழுதாகிவிட்டது. மனிதர் கோதுகளை வாளித் தண்ணீரில் போட்டுச் சவர்க்காரமும் தூரிகையுமாக அல்லாடிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பித்தளை! பித்தளை மினுக்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஒவ்வொரு வெள்ளியும் குத்துவிளக்கை மினுக்கிய கை இது. கீழே ஓடிப்போய்ப் பழப்புளி கரைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை அடுப்பில் பருப்பைப் பார்க்கப் போய், கோதுகளைப் புளிக்குள் அதிக நேரம் விட்டுவிட்டேன். எட்டுக் கோதுகள் ரோஸ் நிறமாகிவிட்டன. வால்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இந்த நிறம் வந்தால் பித்தளை பலம் கெட்டுவிட்டதென்று பொருள், சுடும்போது பிளந்துவிடும் என்று விளக்கி, எட்டையும் குறட்டால் நசுக்கி எறிந்தார். அதன்பிறகு மணிக்கூட்டைப் பார்த்துச் சில நிமிடங்களிலேயே எடுத்தேன். அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி, பழைய துவாயில் பரப்பி, ஹீற்றர் பக்கத்தில் காயவிட்டேன். அவை காய்ந்து மினுங்கியதைப் பார்த்து, தன் இயந்திரத்துக்கு இனி வேலை இல்லை என்றார் வால்டர். எனக்குப் பெருமை தலைக்கேறியது. அன்றிலிருந்து சனி மத்தியானங்களில் கோது கழுவுவது என் வேலையானது. அவர் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். தனியாக இருப்பவளுக்குக் கைவேலை இருந்தால் மனம் கண்டபடி அலையாது.

ஒன்றை மட்டும் அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். மேசையில் இருப்பவை எல்லாம் உன் பொறுப்பு. மேல் தட்டைத் தொடாதே. வெடிமருந்து டின்கள் அங்கே இருந்ததால் அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்த மாசியில் மூன்று கிழமை என் கணவரிடமிருந்து கடிதம் இல்லை. லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனேஜர் அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்து கொஞ்சப் பேரைக் கொண்டு போனது. உங்கடை அவரும் அதிலை. எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டு எங்களுக்கும் தெரியாது பிள்ளை."

அப்படிக் கொண்டுபோகப்பட்ட எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வால்டர் யூனியன்வில்லில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லி. நான் கராஜில் நின்று பிள்ளையாரிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். இந்தக் கராஜுக்குள் ஒரு பித்தளைகூட அழுக்காய் இல்லாமல் மினுக்கி முடிக்கிறேன், என்னவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சொல் தா... கோயில் குளத்துக்குப் போக வழியில்லாதவள் வேறு எதை வைத்து நேருவாள்? கையில் இருந்தது அந்தக் கோதுகள்தான்.

மேசையில் இருந்த இரண்டு வாளியும் முடிந்தன. நிமிர்ந்து பார்த்தேன். மேல் தட்டில், மருந்து டின்களுக்குப் பக்கத்தில், வட்டமான நீல பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. நம்மவர் வீடுகளில் நூலும் ஊசியும் இருக்குமே, அந்த டின். எடுத்துக் குலுக்கினேன். பித்தளைச் சத்தம் கேட்டது.

தொடாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கோதை விட்டாலும் நேர்த்தி குறைந்துவிடும், இவர் திரும்பி வரமாட்டார் என்று பயந்தேன். அப்படியே புளித் தண்ணீருக்குள் கவிழ்த்தேன். உள்ளும் புறமும் தேய்த்தேன். காய்ந்ததும் திரும்ப அடுக்கப்போனபோதுதான் டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடதாசித் துண்டைக் கண்டேன். வால்டரின் எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

'ஐரீன் கடைசியாகச் சுட்ட ஐம்பது. கழுவக் கூடாது.'

ஐரீன்... அதுவரை அவருடைய மனைவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அழுக்குக் கோதுகள் ஐம்பதை எடுத்து மாற்றி வைத்துவிடலாம் என்று ஓடினேன். ஒன்றுகூட இல்லை! எல்லாவற்றையும் நானே மினுக்கி முடித்திருந்தேன். மணி நாலுக்குக் கிட்ட. கீழே போய்ச் சாமித் தட்டில் இருந்த சிறு குத்துவிளக்கை ஏற்றினேன். நல்லெண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டி, ஒவ்வொரு கோதாகக் குறட்டில் பிடித்து அதன் வாயைச் சுடரில் காட்டினேன். கரி நன்றாகப் பிடித்தது. வெடிமருந்து மணம் வேண்டுமென்று நெருப்புக்குச்சிகளைக் கொளுத்திக் கொளுத்தி டின்னுக்குள் அணைத்தேன். விளக்கை அப்படி ஒரு வேலைக்கு ஏற்றியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவருடைய கார் வந்து நின்றபோது டின் மேல் தட்டில் இருந்தது.

திங்கட்கிழமை தொலைபேசியில் என் கணவருடைய குரல் கேட்டது.

"வசந்தி, பயப்படாதையும். பிடிச்சு வைச்சிருந்தவங்கள், இண்டைக்கு விட்டிட்டாங்கள். இன்ரவியூவுக்குக் கடிதமும் வந்து கிடக்கு."

நேர்த்தி பலித்துவிட்டது. இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கிழவரிடம் மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுத்துத்தான் என்னவரை மீட்டேன் என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை.

அடுத்த ஞாயிறு தேநீர் கொண்டு கராஜுக்குப் போனேன். வால்டர் நீல டின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கும் ஞாயிறுதான்! முதல் தடவையாக மனைவியைப் பற்றிச் சொன்னார். அவரைவிட ஐரீன் குறி தவறாமல் சுடுவாராம். கடைசியாகச் சுட்ட அன்று ஐம்பதையும் தானே பொறுக்கி, அடுத்த கிழமை கழுவலாம் என்று வைத்தாராம். அடுத்த கிழமை அவர் இல்லை. சொல்லிக்கொண்டே ஒரு கோதை எடுத்து முகர்ந்தார். கண்களை மூடினார்.

"இன்னும் இருக்கிறது," என்றார், மெல்லிய ஆங்கிலத்தில்.

அது என் நல்லெண்ணெய். அது என் நெருப்புக்குச்சி... அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சொல்லியிருப்பீர்களா? இரக்கத்தால்தான் சொல்லாமல் விட்டேன் என்று நெடுங்காலம் என்னை ஏமாற்றி வந்தேன். உண்மை அவ்வளவு அழகில்லை. என் கணவருடைய விசாப் பத்திரங்களில் எல்லாம் அந்த வீட்டு விலாசம்தான் இருந்தது. வால்டர் என்னைப் போகச் சொன்னால் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தேன். தேநீரை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அந்த வருடக் கடைசியில் இவர் வந்து சேர்ந்தார். வந்த முதல் கிழமையே, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், வீட்டு ஊத்தை உடுப்பெல்லாம் அள்ளி மெஷினில் போட்டிருக்கிறார், உதவி செய்வதாக நினைத்து. அந்தச் சேட்டும் கொடியில் தொங்கியது. கனேடிய சோப்பின் பூ மணம். நான் சமையலறை நிலத்தில் இருந்து அழுத அழுகையில் அவர் பயந்துபோனார்.

"ஆளே முன்னாலை நிக்கிறன், நீர் ஒரு பழஞ்சேட்டுக்கு அழுறீர்?"

அவருக்கு எப்படி விளங்கும்? எனக்கு ஆள் திரும்பி வந்துவிட்டார். சேட்டுப் போனால் போகட்டும். மேலே இருந்தவருக்கு யார் திரும்பி வருவார்? ஞாயிறுகளில் சேட்டை முகர்ந்தவளுக்கு அந்த டின்னைக் கண்டதும் ஒரு கணம் தயங்கத் தோன்றவில்லையே... வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து வால்டர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அந்த டின்னிலிருந்து ஒன்று கொண்டு வரும்படி மகளிடம் சொல்லி அனுப்பினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் போனார். மகள் அதை அவருடைய கோட்டுப் பையில் வைத்து அடக்கம் செய்தாள். ஐரீனுக்குப் பக்கத்தில், என் கரியோடு.

மிச்ச நாற்பத்தொன்பதையும் என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். கழுவாமல் வைத்திருக்கத் தெரிந்தவள் நான்தானாம்.

இப்போது ஸ்ரௌவ்வில்லில் எங்களுக்குச் சொந்த வீடு. தைப்பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் இறக்கி மினுக்குவது வழக்கம். ஒருமுறை இவர் அலுமாரியிலிருந்து நீல டின்னையும் எடுத்து வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"உதென்னப்பா, கரி பிடிச்சுக் கிடக்கு? உதையும் புளியிலை போடட்டோ?"

"வேண்டாம். வையுங்கோ."

"ஆற்றை உது?"

யாருடையது, அதற்கு நான் என்ன செய்தேன் என்று எல்லாம் சொல்லியிருக்கலாம். சமையலறையில் நாங்கள் இருவரும்தான். புளி கரைத்த கையோடு நின்றேன்.

"ஐரீன்ரை," என்றேன். "மணத்தைப் பாருங்கோ, இன்னும் இருக்கு."