தங்கை பிள்ளைக்குத் தைத்த துணி

தங்கைக்கு ஏழாம் மாதம். அந்த நேரம் பார்த்து அவளுடைய மூத்த மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒட்டினால் ஆபத்து என்று டாக்டர் சொல்ல, சாணார்பட்டியிலிருந்து மகளைத் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் பேசிக்கொள்ளவில்லை.

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஊருக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே நான் வேப்பிலையில் படுத்தேன்.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஊசியைத் தொட்டேன். பிறந்த பிள்ளைக்குக் கோடித்துணி ஆகாது, பழஞ்சேலையில்தான் கிடத்துவோம். என் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை நான்காக மடித்துத் தைத்தேன். எனக்கும் பயம் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டேன்.

"பொருக்கு உதிர்ந்தப்புறம் உங்ககிட்ட இருந்து ஒட்டாதும்மா. வைரஸ் துணியில ரொம்ப நேரம் தங்காது. தொவச்சு நல்ல வெயில்ல காயப்போட்டுக் குடுங்க, போதும்."

நான் சுடுதண்ணீரில் இரண்டு முறை துவைத்து, மூன்று நாள் மொட்டைமாடியில் போட்டேன். பாதிச் சாயம் போய்விட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது தங்கை அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பையன் பிறந்த பிறகு போனில் பேசும்போதெல்லாம், "நீ தச்சத விரிச்சாத்தான்க்கா இவன் தூங்குறான்" என்பாள். நான் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தேன்.

மூன்றாம் மாதம், "செத்த வந்துட்டுப் போக்கா" என்று கூப்பிட்டாள். போனேன். கால் கழுவ மோட்டார் பக்கம் ஒதுங்கினால், ஒழுகும் குழாயில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என் சுங்குடி. ஓரத்தில் என் தையல்.

கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மை கண்ட வீட்டுத் துணி, பச்சப்புள்ளைக்கு ஆகுமாக்கா? சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நானே திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன். தூங்குகிறான் என்று எதற்குச் சொன்னாள்? அம்மை கண்ட அவள் மகளின் பாவாடை, தம்பி துணிகளோடு ஒரே கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"எதுக்குக் கூப்பிட்ட?"

"பெரியவளுக்கு ரெண்டு நாளா இருமல். தம்பிக்கு ஒட்டிக்கிரும். ஒன் வீட்டுல ஒரு வாரம் இருக்கட்டுமாக்கா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நெற்றியில் அம்மைத் தழும்போடு, கையில் துணிப்பையோடு, குழந்தை அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.