மடியில் இன்னொரு முகம்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம். ரோஹிணி இதைச் சொன்னபோது நான்கூட வாய் தவறி “சும்மா ரீல் விடாதே” என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தேதி, மணி எல்லாம் அவள் சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன். ஒன்றையும் கூட்டவில்லை.

ரோஹிணி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர். நாற்பத்தாறு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டெல்லி. மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “எங்க அப்பா மாதிரி ஒருத்தர் கிடைக்கலை” என்பாள். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் அவளுக்கே வாய் கசக்கிறது.

அப்பா இராஜமாணிக்கம். எழுபத்தாறு வயது. வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் மேற்கு எல்லையில் இருந்தவர். ஆகஸ்ட் பதினைந்து வந்தால் அந்த ஏரியாத் தமிழர்கள் அவரைத்தான் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். ஏற்றிவிட்டு ஒரு கதை சொல்வார். கரும்புக் காட்டில் குண்டடிபட்ட சிநேகிதன் பச்சைமுத்து, தன் மடியில் தலை வைத்து உயிரை விட்ட கதை. கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாற்பது தடவை கேட்டிருந்தாலும் ரோஹிணியும் அழுவாள்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடா வருடம் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். லைஃப் சர்டிபிகேட் என்பார்கள். ஆள் நேரில் வந்து நின்றாலும் போதாது, காகிதம் வேண்டும். சர்க்கார் புத்தி அது. முன்பெல்லாம் பேங்க் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும். இப்போது போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆப்பைத் திறந்து, முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் போதும்.

2025 நவம்பர் 16. ஞாயிற்றுக்கிழமை. வெளியே ஒரே புகைமூட்டம். எதிர் பில்டிங்கூடத் தெரியவில்லை. ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் இறுக்கி மூடி வைத்திருந்தாள். அப்பாவை ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்துப் போனை நீட்டினாள்.

மணி மூன்று ஏழு.

ஆப் வட்டம் போட்டது. அப்பாவின் முகம் வந்தது. உடனே சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றனவாம். ஒருவர் மட்டும் இருக்க வேண்டுமாம்.

“இன்னா சொல்லுது?”

“ரெண்டு பேர் இருக்காங்களாம்ப்பா.”

“ரெண்டு பேரா? அப்ப ரெண்டு பென்ஷன் குடுக்கச் சொல்லு.” சிரித்தார்.

ரோஹிணி திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் சுவரில் அவருடைய ராணுவ குரூப் போட்டோ மாட்டியிருந்தது. அச்சா, இதுதான் விஷயம் என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

மூன்று பன்னிரண்டு. மறுபடியும் அதே சிவப்பு எழுத்து.

அவளுக்கு எரிச்சல் வந்தது. பீரோவிலிருந்து வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றை எடுத்து, அப்பாவுக்குப் பின்னால் திரை மாதிரிக் கட்டினாள். டீவியை அணைத்தாள். போனைத் துடைத்தாள். மூன்று பதினாறுக்கு மறுபடியும் நீட்டினாள். இந்தத் தடவை திரையை உற்றுப் பார்த்தாள். முகம் இருக்கிற இடத்தில் ஆப் ஒரு சின்னச் சதுரம் போடும். அப்பா முகத்தின் மேல் ஒன்று இருந்தது.

இரண்டாவது சதுரம் கீழே இருந்தது. அப்பாவின் மடியில்.

அங்கே ஒன்றுமில்லை. வேட்டிதான். ஆனால் சதுரம் நிற்கவில்லை. மெல்ல ஏறியது, இறங்கியது... ஏறியது, இறங்கியது. மூச்சு விடுகிற மாதிரி.

“அப்பா, ஹிலாதீங்க.”

“நான் எங்க அசையறேன்? எங்க இருக்குது அந்த ரெண்டாவது மூஞ்சி?”

“உங்க மடில.”

சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் குனிந்து தன் மடியைப் பார்க்கவில்லை. அதுதான் ரோஹிணிக்கு முதலில் உறுத்தியது. மடியில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் யாராக இருந்தாலும் குனிந்து பார்ப்பார்கள். இவர் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று இருபத்தொன்று. சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

காய்ந்த தோகை ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். பக்கத்து வீட்டில் பெருக்குகிறார்கள் என்று நினைத்தாள். காதைத் தீட்டிக் கேட்டாள். பக்கத்து வீட்டில் இல்லை. அப்பாவின் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

“போனை அணை,” என்றார் அப்பா.

அணைக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினாள். வேலை செய்யவில்லை. திரையில் அடுத்த கட்டளை வந்தது. கண்ணைச் சிமிட்டவும்.

அப்பா சிமிட்டவில்லை. கண் இரண்டும் அகல விரிந்து அப்படியே நின்றிருந்தன.

கீழே இருந்த சதுரம் பச்சையானது.

கண் சிமிட்டியது பதிவாகிவிட்டது என்று காட்டியது ஆப்.



அப்போதுதான் வேட்டியைப் பார்த்தாள். வலது முழங்காலுக்குக் கீழே, கரையோரம், துணி கொத்தாகச் சுருண்டிருந்தது. யாரோ முஷ்டியில் பிடித்திருக்கிற மாதிரி. நாலு விரல், ஒரு கட்டைவிரல். மடிப்பு தனித்தனியாகத் தெரிந்தது.

துணி இழுபட்டது.

“விடு...” என்றார் அப்பா. அவளிடம் சொல்லவில்லை.

“மாணிக்கம்...”

ஆண் குரல். இளம் வயசுக் குரல். தரையிலிருந்து வந்தது.

“நான் இருக்கேன்னு எழுது.”

அவ்வளவுதான்.

சர்... சர்...

“அப்பா! யாரு அது?”

அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“யாருப்பா?!”

“பச்சைமுத்து.” உதடு மட்டும்தான் அசைந்தது. “அவன் என் மடியில சாவல, ரோஹிணி. சாவவே இல்ல. தொடையில குண்டு. நடக்க முடியல. தூக்கிக்கினு போடான்னு காலப் புடிச்சிக்கினான். அவனுங்க வந்துக்கினே இருந்தானுங்க, கரும்புத் தோகைய வெலக்கற சத்தம் கேக்குது. நான்... ஒவ்வொரு விரலா பிரிச்சிவுட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

“அப்போ அந்தக் கதை?”

“விசாரணையில கேட்டானுங்க. உயிரோட இருக்கான்னு சொன்னா, ஏன்டா வுட்டுட்டு வந்தன்னு கேப்பான். செத்துட்டான், கண்ணால பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். எப்படியும் செத்துத்தான் இருப்பான்.”

நாற்பது ஆகஸ்ட் பதினைந்துகள். நாற்பது தடவை அழுத அழுகை. அதெல்லாம் கோபமாகத் திரும்பி வந்து ரோஹிணியின் நெஞ்சை அடைத்தது. பயம்கூட ஒரு நிமிடம் அவளுக்கு மறந்துவிட்டது. மேஜையிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“எழுதுங்க. உயிரோடதான் விட்டுட்டு வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அபி! இப்பவே!”

அப்பா பேனாவை வாங்கினார். முனையைப் பேப்பரில் வைத்தார்.

வேட்டிக் கரையில் இருந்த மடிப்பு தளர்ந்தது. காத்திருக்கிற மாதிரி.

அப்பா பேனாவை எடுத்துவிட்டார்.

“வேணாம். ஊரு காறித் துப்பும். எழுபத்தாறு வயசுல என்னால முடியாது.”

சத்தம் நின்றது. மணி மூன்று நாற்பத்தொன்று. போன் ‘டிங்’ என்றது. திரை முழுக்கப் பச்சை. இராஜமாணிக்கத்தின் லைஃப் சர்டிபிகேட் ஏற்கப்பட்டது. ஒரே ஒரு சதுரம்தான் இருந்தது. வேட்டி ஒழுங்காகத் தொங்கியது.

அப்பா பெரிதாக மூச்சு விட்டார். நெற்றியைத் துடைத்தார். ஐந்து நிமிடத்தில் பழைய சுபேதாராக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“பாத்தியா, போயிட்டான். செத்தவனுக்காக எழுதி இன்னா ஆவப் போவுது? ஒரு டீ போடு.”

பெற்ற அப்பாதான். ஆனாலும் அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“அவங்க வீட்டுல யாராவது இருக்காங்களா?”

சொல்ல மாட்டார் என்று நினைத்தாள். சொன்னார். ஒரு தங்கச்சி இருந்தாளாம், குஞ்சம்மாள். அண்ணனைப் பற்றி மனுக் கொடுக்கக் குடியாத்தத்திலிருந்து டெல்லிக்கு வந்தவள், திரும்பிப் போகாமல் ஜங்க்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் தங்கிவிட்டாளாம். எண்பத்து மூன்றில் ஒரு ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றவளை அப்பா நேரில் பார்த்திருக்கிறார்.

“பேசினீங்களா?”

“ரோட்டத் தாண்டி அந்தாண்ட போயிட்டேன்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு இல்லை. ரோஹிணி சமைத்து வைப்பாள், அவர் சாப்பிடுவார். குஞ்சம்மாளைத் தேடிப் போக அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. கேம்ப்பை ஜூன் மாதமே இடித்துவிட்டிருந்தார்கள். மாற்று வீடு கிடைத்தவர்களை ஊர்க்கோடியில் நரேலாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ, பஸ், ஆட்டோ என்று மாறி மாறிப் போய், விசாரித்து, நாலாவது மாடியில் குஞ்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

குஞ்சம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். ஐம்பது வருடம் ஊரார் வீட்டில் பாத்திரம் தேய்த்த கை. ரோஹிணி வாசலிலேயே நின்று, தான் யார், அப்பா யார், அவர் என்ன செய்தார் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறாள்.

“எழுவத்திரெண்டுலயே எல்லைக்கு அந்தாண்ட சிறையிலேர்ந்து வந்த ஒருத்தர், அங்க அண்ணனைப் பாத்தேன்னாரு. நான் மனு குடுக்கற எடத்துல எல்லாம், கண்ணால பாத்த சாட்சி இருக்குது, ஃபைலை மூடியாச்சுன்னு தொரத்துவானுங்க. அந்தச் சாட்சி யாருன்னு மட்டும் எவனும் சொல்லல.” ரோஹிணியை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கப்பா இருக்காரா?”

“இருக்கார்.”

“இருக்கட்டும்.”

அதை அவள் சொன்ன விதத்தில் ரோஹிணிக்கு உடம்பு கூசியது.

பிறகு குஞ்சம்மாள் சொன்னாள். போன மாதம் அவளுக்கு ஒரு போன் வந்ததாம். கன்னியாகுமரிப் பக்கத்து மீனவன், ஆல்பர்ட் என்று பேர். மேற்குக் கடலில் எல்லை தாண்டினான் என்று பிடித்துக்கொண்டு போய், எழுபத்தொன்றில் நம்மோடு சண்டை போட்ட அந்த நாட்டுச் சிறையில் மூன்று வருடம் வைத்திருந்து விட்டிருக்கிறார்கள். அங்கே ஜெயில் ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத கிழவர் ஒருவர். வெறும் கைதி நம்பர்தான். இடது கையில் தமிழில் பச்சை குத்தியிருந்தது. பச்சைமுத்து, குடியாத்தம். ஆல்பர்ட்தான் எழுத்துக் கூட்டிப் படித்தவன். கிழவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். விடுதலையானதும் குடியாத்தத்தில் விசாரித்து நம்பர் வாங்கியிருக்கிறான்.

ஐம்பத்து நான்கு வருடம். செத்துப்போனதாகக் கையெழுத்தான மனுஷன் ஐம்பத்து நான்கு வருடம் அங்கே உயிரோடு இருந்திருக்கிறார்.

“எப்போ போனார்?” என்று கேட்டாள் ரோஹிணி.

“நவம்பர் பதினாறு. ஞாயித்துக்கெழமை. அந்தத் தம்பி பக்கத்துலயே இருந்திச்சாம். டாக்டர் காயிதத்துல மூணு பதினொண்ணுன்னு எழுதனாராம்.”

அந்த நாட்டுக் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு அரை மணி பின்னால் ஓடும். ரோஹிணி அரை மணியைக் கூட்டினாள். போன் ‘டிங்’ என்ற அதே மூன்று நாற்பத்தொன்று.

வீடு திரும்புகிற மெட்ரோவில்தான் அவளுக்கு அது உறைத்தது.  இந்த இரண்டு மாதமாக அதைப் பேய் என்றே நினைத்திருந்தாள். ஆனால் மூன்று ஏழுக்கு வந்து அப்பாவின் மடியில் தலை வைத்தவர் அப்போது செத்திருக்கவே இல்லை. அவருக்கு இன்னும் முப்பத்து நான்கு நிமிடம் உயிர் இருந்தது.