நாற்பத்தோரு கேமும் ஒரு மினிட்ஸ் நோட்டும்

வந்தவர்கள்: நான், இஸ்மாயில். வராதவர்: சுடலைமுத்து – தொடர்ந்து நாலாவது ஞாயிறாக.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மினிட்ஸ் நோட்டில் நான் எழுதிய முதல் வரி இது. மொத்தமே மூன்று பேர் இருக்கும் குழுவுக்கு மினிட்ஸ் நோட்டு எதற்கு என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

மும்பை தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு கூட்டம். எட்டாவது படிக்கும்போதே அங்கே நோட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய அறிவாளி என்பதால் அல்ல. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். "வந்தவர்கள் இன்னார், வராதவர்கள் இன்னார்" என்று ஆரம்பித்து, "ஆன செலவு இவ்வளவு" என்று முடிக்க வேண்டும். நடுவில் நாற்காலி பறந்தாலும் நோட்டில் ஒரே வரிதான் – 'காரசாரமாக விவாதிக்கப்பட்டது.' தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வராதவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள்.

அதனால், எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் காசு போட்டு ஒரு பழைய கேம் கன்சோல் வாங்கியபோது, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் அதை நடத்தினேன். நோட்டுப் போட்டேன். விதிகள் எழுதினேன். செயலாளர் – நான்.

மற்ற இருவரும் படித்தது இங்கிலீஷ் மீடியம். வாயில் திருநெல்வேலி அருவியாகக் கொட்டும். தமிழில் எழுதியதை நீட்டினால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, முதல் வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பத்தொன்பது வயதில் எங்களுக்கு என்ன பிடித்தது? சுடுவது, வெட்டுவது, குதிப்பது. தள்ளுபடி என்ற வார்த்தை திரையில் வந்தால் போதும், வாங்கிவிடுவோம். அப்புறம் விளையாடிக்கொள்ளலாம்... அப்புறம்... அப்புறம்... நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். தொடாத கேம் மட்டும் நாற்பத்தொன்று!

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கேள்வித்தாளில் ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டு எழுந்து வந்தவன் அல்ல நான். பதில் தெரியாத கேள்விக்கும் அரைப் பக்கம் எழுதுவேன். அப்பேர்ப்பட்டவன் நாற்பத்தொன்றை விடுவேனா? புது விதி போட்டேன்: பழையதெல்லாம் முடியும்வரை புதிய கேம் கிடையாது. எனக்குப் பதினாலு, இஸ்மாயிலுக்குப் பதினாலு, சுடலைக்குப் பதின்மூன்று. கன்சோல் ஆளுக்கு ஒரு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் இஸ்மாயில் அப்பாவின் பெல்ட் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் அறையில் கூட்டம். யார் எதை முடித்தார்கள் என்று நோட்டில் பதிவாகும்.

விளையாட்டை ஹோம்வொர்க்காக மாற்ற ஓர் ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

போன மாதம் சுடலையின் முறை. கல்யாணமாகி, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் டோம்பிவிலிக்குக் குடிபோனவன், வந்து கன்சோலைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான். ஆளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. 'பிஸி' என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் மட்டும் வரும். கேம் இல்லாமல் நாலு வாரம் நாங்கள் இருவர் மட்டும் கேம் கூட்டம் நடத்தினோம்.

"வித்துட்டாம்லே," என்றான் இஸ்மாயில்.

"சும்மா இருலே."

"ஏன்? ஃப்ளாட்டு இஎம்ஐ, ரயில் பாஸு, புதுப் பொண்டாட்டி... நானா இருந்தா ரெண்டாவது வாரமே வித்திருப்பேன்."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். சுடலை யார்? ரேஷன் கியூவில் என் இடத்தைப் பிடித்து வைத்தவன். என் முதல் இன்டர்வியூவுக்குத் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்போடு காலேஜ் போனவன். ஆனால் நாலு வாரம் என்றால் நாலு வாரம்தானே?

இஸ்மாயில் பேனாவைப் பிடுங்கினான். "எலே, எட்டு வருச சிநேகிதத்த ஒரு கோட்டுல முடிச்சிருவியோ?"

"விதி இருக்குல்லா."

"சரி, விதிப்படியே கேக்கேன். கூட்டத்த இங்கனதான் போடணும்னு எங்கயாவது எழுதிருக்கியா?"

இல்லை. எழுதவில்லை.

"அப்பன்னா அவன் வீட்டுல போடுவோம். கதவத் தொறந்தான்னா அவன் வந்தவன்தான? இன்னைக்குக் கூட்டம் இன்னும் முடியலல்லா!"

சட்டம் படிக்க வேண்டியவன், பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

புதுக் குடித்தனத்துக்குக் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? நோட்டையும் சிவப்புப் பேனாவையும் பையில் வைத்து, கிங்ஸ் சர்க்கிளில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, மாட்டுங்காவில் ரயில் ஏறினோம். ஞாயிறு என்றால் தண்டவாள வேலை, பாதி ரயில் கிடையாது. போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. கட்டட வாசலில் விதிகள் எழுதிய ஒரு போர்டு. வரிசை எண் போட்டு, கோடு போட்டு, என்ன அழகு! நின்று முழுதாக வாசித்து, மனசுக்குள் ஒரு சபாஷும் போட்டுவிட்டுத்தான் படியேறினேன்.

சுடலை பனியனோடு கதவைத் திறந்தான். டிக்கெட் இல்லாத நாளில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த முகம்.

"ஏலே, போன் பண்ணிட்டு வரப்படாதா?"

"பண்ணுனா எடுத்துக் கிழிச்சிருவ," என்றான் இஸ்மாயில்.

உள்ளேயிருந்து அவன் மனைவி செல்வி வந்தாள். தென்காசிப் பக்கம் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, போன வருடம்தான் கல்யாணமாகி இங்கே வந்தவள். "வாங்கண்ணே. இவுக ஒரு வார்த்த சொல்லல பாருங்க. கையக் கழுவுங்க, சோறு ரெடி."

குழம்பு பிரமாதம். ஆனால் இஸ்மாயிலின் கண் டிவிக்கு அடியிலேயே இருந்தது. அங்கே கன்சோல் இல்லை! என்னை முழங்கையால் இடித்தான். கை கழுவியதும் நேராகக் கேட்டுவிட்டான் – "பெட்டி எங்கலே?"

சுடலை ஸ்டூலில் ஏறி, பீரோவின் மேலிருந்து பையை இறக்கினான். அதன் ஜிப்பில் நான் நூல் கட்டி அனுப்பியிருந்தேன். என் முடிச்சு அப்படியே இருந்தது. நாலு வாரமாகத் திறக்கவே இல்லை.

"பயமா இருக்குலே," என்றான்.

"என்ன பயம்? பேய் கேமா?"

"காலையில ஆறு அம்பத்திரண்டு லோக்கல்ல ஒத்தக் கால்ல நின்னு போறேன். சாயங்காலம் மத்தக் கால்ல நின்னு வாரேன். வீட்டுக்கு வந்து இதப் போட்டா, அங்கயும் நாப்பது பேரு தொரத்துதானுவ. எனக்கு எதுக்குலே இது? பிடிக்கல. ஒண்ணு கூட ஆரம்பிக்கல. எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுக் கூட்டத்துக்கு வாரது? செக்ரட்டரி ஒம்போது முடிச்சிட்டாரு..."

அந்த 'ஒம்போது' காதில் விழுந்ததும் நான் அவசரமாகச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இஸ்மாயில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, நான் மட்டும் என்ன கிழிச்சேன்? குதிரையில போயி ஆளுகளச் சுடுத கேம் இருக்குல்லா? குதிரைய மரத்துல கட்டிட்டு மூணு வாரமா ஏரியில மீன் பிடிச்சேன். ஒருத்தனையும் சுடல. சும்மா மீன் பிடிச்சேன்லே... அவ்வளவு நிம்மதி." பத்தொன்பது வயதில் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான் என்று பெயர் வாங்கிய இஸ்மாயில்! "கூட்டத்துல 'நடந்துட்டிருக்கு'ன்னு சொல்லுவேன். செக்ரட்டரி எழுதிக்கிடுவாரு."

மீனைக் காட்டியே தீருவேன் என்று நூலை அறுத்துக் கன்சோலை டிவியில் மாட்டினான். செல்வி என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டவில்லை. சரசரவென்று வாசித்துக்கொண்டிருந்தாள்! எட்டு வருடத்தில் என்னைத் தவிர வேறொருவர் அந்த நோட்டை வாசிப்பது அதுதான் முதல் தடவை.

"கையெழுத்து முத்து மாதிரி இருக்கேண்ணே," என்றாள்.

நான் நெளிந்தேன்.

"'செயலாளர் முடித்தார்'னு ஒம்போது எடத்துல இருக்கு." டிவியை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு கேமுக்கும் கீழே, இதுவரை எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறோம் என்று அந்தப் பாழாய்ப்போன பெட்டி காட்டிக்கொண்டிருந்தது. "இந்தக் கத்திச்சண்ட கேம நீங்க முடிச்சதா எழுதிருக்கு. அங்க பதினோரு நிமிசம்னு காட்டுது. பதினோரு நிமிசத்துல முடிஞ்சிருமாண்ணே?"

நோட்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்; அவள் தரவில்லை.

வாசகர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பதில் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை. யாரோ விளையாடி முடித்த வீடியோக்களை, ஆபீஸ் போகும் ரயிலில், இரட்டை வேகத்தில், கடைசிக் காட்சி மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டு 'முடித்தார்' என்று எழுதினேன். வாசிக்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம்! எனக்கும் அந்தக் கேம்கள் அலுத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்வதைவிடப் பொய் எழுதுவது சுலபமாக இருந்தது.

"அடப்பாவி," என்றான் சுடலை. கோபமாக இல்லை. நாலு வாரமாக அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போவதுபோல மெதுவாகச் சொன்னான். "அடப்பாவி, உனக்குப் பயந்துதானலே நான் ஒளிஞ்சுகிட்டுத் திரிஞ்சேன்."

செல்வி சிவப்புப் பேனாவை எடுத்தாள். "வராதவுக பேர அடிக்கணும்னு வந்தீக. பொய் எழுதுனவுக பேர என்ன செய்யணும்ணே?"

இதற்குப் பிறகு காரசாரமாக விவாதிக்கப்பட்டது.

முடிவில் யார் பெயரும் அடிபடவில்லை. ஆனால் செயலாளர் பதவி கை மாறியது. நோட்டை யாரால் வாசிக்க முடியுமோ அவரே செயலாளர் – இஸ்மாயில் முன்மொழிய, சுடலை வழிமொழிய, செல்வி ஏகமனதாகத் தேர்வானாள். எதிர்த்து ஓட்டுப் போட எனக்கு அருகதை இல்லை.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தான் பெரியவனானதும் விளையாடட்டும் என்று நாற்பத்தோரு கேம் வாங்கி வைக்கிறான். பெரியவன் வருகிறான். ஆனால் இவன் வேறு ஆள்! மீன் பிடிக்க ஆசைப்படுகிறான். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்கிறான். இதில் யார் மேல் தப்பு?

புதுச் செயலாளர் திரையில் கீழே, கீழே என்று போய் ஓர் ஓரத்தில் நின்றாள். "இது என்னது? சமையல் கேமா?"

எப்போதோ எதனுடனோ இலவசமாக வந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று என் பட்டியலில்கூட நான் சேர்க்கவில்லை. ஒரு ஹோட்டல் சமையற்கட்டு. ஆர்டர் வரும். நறுக்கணும், வேகவைக்கணும், தட்டு கழுவணும். ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு செல்வியும் சுடலையும் உட்கார்ந்தார்கள்.

"வெங்காயம் நறுக்கச் சொன்னா எங்க போறீக?"

"தட்டு இல்லையேட்டி!"

"கழுவுனாத்தான் இருக்கும். வீட்டுலயும் இதே கததான்!"

நாங்கள் இரண்டு பேரும் பின்னாலிருந்து கத்தினோம். அடுத்த ஆட்டம் இஸ்மாயிலும் நானும். எட்டு வருடத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. மூன்று மணி வாக்கில் இஸ்மாயில் அடுப்பில் சட்டியை மறந்துவிட்டான். திரையில் தீப்பிடித்தது. அவன் துள்ளி எழுந்து, "ஆக் லகி! ஆக் லகி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

தாராவித் தமிழனைப் பற்றி ஓர் உண்மை சொல்கிறேன். கொஞ்சுவது, திட்டுவது எல்லாம் திருநெல்வேலிதான். பதறினால் மட்டும் வாயில் இந்திதான் வரும்.

தீ, தீ என்று இந்தியில் கத்தினால் டோம்பிவிலியில் யாருக்குத்தான் புரியாது? மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. எதிர் வீட்டம்மா வாளி நிறையத் தண்ணீரோடு உள்ளேயே வந்துவிட்டார். டிவியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் கவனித்து, 'அந்த ஓரத்துச் சட்டியை முதலில் இறக்கு' என்று இந்தியில் யோசனை சொன்னார்.

அவர் பின்னாலேயே இன்னொருவர். மூக்குக் கண்ணாடி, கையில் ரசீது புத்தகம். கட்டடத்தின் செக்ரட்டரி. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் சத்தம் போடக்கூடாது, கீழே போர்டு இருக்கிறதே, வாசிக்கவில்லையா என்றார்.

வாசித்தேன் சார். ஏழாவது விதி. சபாஷ்கூடச் சொன்னேன்.

சுடலை கெஞ்சப் போனான். நான் தடுத்துவிட்டேன். விதி என்றால் விதி. அபராதத்தைக் கட்டிவிட்டு, ரசீதைக் கேட்டு வாங்கினேன். கோடு போட்டு, வரிசை எண் போட்ட ரசீது. என்ன அழகு! முன்னாள் செயலாளர் ஒருவர் தந்த மரியாதையை அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் கிளம்பினோம். கன்சோலை அங்கேயே விட்டுவிட்டோம். சுடலை ஸ்டேஷன் வரை வந்து, ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நாலு எட்டு நடந்தான்.

அன்றைய மினிட்ஸை என் போனுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள் செல்வி. என் எழுத்தைவிடக் குண்டு எழுத்து. அப்படியே தருகிறேன்:

வந்தவர்கள்: சுடலைமுத்து, இஸ்மாயில், முன்னாள் செயலாளர், எதிர் வீட்டம்மா, நான். வராதவர்கள்: யாருமில்லை. தீர்மானம்: நாற்பத்தொன்றும் தள்ளுபடி. ஆன செலவு: ரயில் அறுபது, சிப்ஸ் நூற்று நாற்பது, சத்தம் ஐநூறு. ஆக மொத்தம் எழுநூறு ரூபாய்.