சிரித்துக்கொண்டே போட்ட சண்டை

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கக் கிளம்பிய காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. வருங்கால மாமனார் போனில் கூப்பிட்டு, "ராஜினாமா எப்பம்மா குடுக்கற?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் மைசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் குண்டலுபேட்டைக்குப் போய்வரும் பள்ளி ஆசிரியை. வேலையை விட மாட்டேன் என்று நிச்சயத்துக்கு முன்பே, நான் கட்டிக்கொள்ளப்போகும் இவரிடம் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றவர், பத்திரிகை அடித்து முடித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

ஏரிக்கரையில் போட்டோகிராபர் காத்திருந்தார். மாமனார் பார்த்து அனுப்பிய ஆள். எங்கள் இருவருக்கும் புதியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரிலாக்ஸ் ஆகி மேடம், ஏனாதரூ மாத்தாடி" என்றார் கன்னடத்தில். எதையாவது பேசிக்கொண்டே இருந்தால் முகம் இயல்பாக வருமாம். படத்தில் குரலா கேட்கப்போகிறது?

சரி, பேசிவிடலாம் என்று தமிழில் ஆரம்பித்தேன். மைசூரில் எங்கள் குடும்பத்துக்கே இந்தத் தைரியம் உண்டு. ஆட்டோவானாலும் கடையானாலும், யாருக்கும் புரியாது என்று தமிழில் திட்டிக்கொள்வோம்.

நெற்றியோடு நெற்றி வைக்கச் சொன்னார். வைத்தோம்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?" என்றேன், சிரிப்பு மாறாமல்.

"சொல்றேன். மொதல்ல கல்யாணம் ஆகட்டுமே."

"ஆனப்புறமா? நான் பஸ் ஏறப் போறப்ப அவர் தடுப்பாரு, நீங்க வேடிக்கை பாப்பீங்க."

"மெதுவா பேசு."

"போட்டோகிராபருக்கு என்ன புரியப்போகுது? இப்பவே நீங்க சொல்லலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

"சூப்பர் மேடம், நேச்சுரல்" என்று அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். சும்மா மிரட்டவில்லை, நிஜமாகவே சொன்னேன்.

சற்று நேரத்தில் போட்டோகிராபர் கேமராவை இறக்கினார்.

"செத்த உக்காருங்கக்கா, அப்புறமா எடுத்துக்கலாமுங்க. நமக்கு ஹனூருங்க, தமிழ்நாட்டு எல்லையோரமுங்க. தமிழ் தெரியும்னு அப்பவே சொல்லியிருக்கோணும். நடுவுல எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரோ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அவரிடம் போய், "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் நின்றுவிடுமே என்றுகூட இவர் பயப்படவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தார்.

"சொல்லிடுங்க அண்ணா" என்றேன். "யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

போட்டோகிராபர் லென்ஸைத் துடைக்கும் சாக்கில் தள்ளிப் போய்விட்டார். இவர் என்னையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அப்பா, அவ ராஜினாமா பண்ணப்போறதில்லப்பா" என்றார். அந்தப் பக்கம் மாமனார் கத்தியது எனக்கே கேட்டது. இதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டார். இவர் மென்று விழுங்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லப்பா. அவ விட்டுடறேன்னுதான் சொன்னா. நான்தான் விடக்கூடாதுன்னேன்."

பச்சைப் பொய். நிச்சயமான நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாக, இவரோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.