அக்கா எனக்காகப் பேசிய பிரெஞ்சு

சுகந்தி அக்கா போய்விட்டா என்ற செய்தி வந்தபோது நான் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அவவின் மகன் தொலைபேசியில் அழுது முடித்துவிட்டுச் சொன்னான்: "அன்ரி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் எழுதவேணும். உங்கட பென்சன் காசை அம்மா மீட்டுத் தந்ததை எழுதுங்கோ." ஓம் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

அக்காவை அறிந்த உங்களுக்கு அவவின் நன்மைகளைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நான் இந்தக் கியூபெக் ஊருக்கு வந்த முதல் பனிக்காலத்தில் வைத்தியரிடமும் குடிவரவுக் கந்தோரிலும் எனக்காகப் பிரெஞ்சு பேசியது அவதான். "நீர் வாயைத் திறவாதையும், நான் கதைக்கிறன்" என்பா. லாசாலில் கேக் தொழிற்சாலையில் கியூபெக், ஹெயிட்டிப் பெண்களோடு வருடக்கணக்காக நின்று, கேட்டால் எல்லாம் விளங்கும் என்று வந்த பிறகும் அக்கா முன்னால் நான் பிரெஞ்சில் வாய் திறந்ததில்லை. எனக்காகக் கதைப்பதில் அவவுக்கு ஒரு சந்தோசம். அதை ஏன் கெடுப்பான் என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையை மூடியபோது என் ஓய்வூதியப் பணத்தை அக்கா வேலைசெய்த வங்கிக்கே மாற்றினேன். ஓய்வுகாலம் வரை பூட்டிவைக்கும் கணக்குக்குப் போகவேண்டிய பணம் அது. அக்கா அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டா. வரி நேரம் வந்தபோதுதான் தெரிந்தது. முழுப் பணமும் அந்த வருட வருமானமாகப் பதிந்து, அதில் பெரும் பங்கை வரி விழுங்கப்போகிறது. கேக் தட்டுத் தூக்கித் தூக்கி முதுகு போனதுக்கு எனக்கு மிஞ்சியது அந்தக் காசு ஒன்றுதான். ஆனாலும் பிழை யாருக்குத்தான் வராது? நான் அக்காவை ஒரு சொல் சொல்லவில்லை.

இருவரும் மனேஜரிடம் போனோம். வங்கியின் பிழை என்றால் பணத்தைச் சரியான கணக்குக்கு மாற்றி வரிக் கந்தோருக்கும் எழுதலாம், வாடிக்கையாளர் கேட்டுச் செய்தது என்றால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, யார் கேட்டது என்றார். அக்கா பிரெஞ்சில் சொன்னா: "இவதான் அப்படிப் போடச் சொன்னா. கையில் காசு வேண்டுமாம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்." உடனே என் பக்கம் திரும்பித் தமிழில், "பிழை எங்கட வங்கியிலை எண்டு சொல்லிப்போட்டன். யோசியாதையும்" என்று என் கையைத் தடவினா.

தன் வேலை போய்விடும் என்று பயந்திருப்பா, அது விளங்குகிறது. ஆனால் என் கையைத் தடவியதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த நாள் தனியாகப் போனேன். தொழிற்சாலைப் பிரெஞ்சு, இலக்கணமும் இல்லை ஒன்றும் இல்லை. பணம் மாற்ற நான் ஒப்பமிட்ட விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றேன். மனேஜர் பார்த்தார், பூட்டிவைக்கும் கணக்கு என்றே இருந்தது, மன்னிப்புக் கேட்டார். அலையவைத்துத்தான் சரிசெய்தார்கள், ஆனால் சரிவந்தது. அக்காமேல் நான் முறைப்பாடு எழுதவில்லை, தனியாகப் போனதை அவவிடம் சொல்லவுமில்லை. பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் அவ எல்லோருக்கும் சொன்னா: "இவவின்ரை காசை என்ன பாடுபட்டு எடுத்துக் குடுத்தனான் தெரியுமோ?" உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் தாதி வந்து நோவு எங்கே என்று கேட்டபோது அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. இடுப்பில், இரவு நித்திரையே இல்லை என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். தாதி போனபின் அக்கா என்னையே பார்த்து மெல்ல முணுமுணுத்தா.

"அண்டைக்கு வங்கியிலை நான் சொன்னது உமக்கு விளங்கினதோ?"

"ஓம்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன், அக்கா."

அவ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. பொழுதுபடும் வரை பக்கத்தில் இருந்தேன். அவ திரும்பவில்லை.

தம்பி, நீ கேட்டபடி எழுத என்னால் ஏலவில்லை. இதை மலரில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். உன் அம்மா எனக்குச் செய்த உதவியெல்லாம் உண்மை, அந்த நன்றி என்னிடம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. பிழை தன்னுடையது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தக் காசு முழுக்கப் போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஆள் போய்விட்டா என்று தெரிந்தும், நான் இன்னும் அந்தச் சொல்லுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.